தாத்தாவின் ஜீப்பும் பேரனின் பிரீமியமும்

வால்பாறைக்குப் போயிருக்கிறீர்களா? பொள்ளாச்சியில் பஸ் ஏறி, ஜன்னலோர சீட் பிடித்துக்கொள்ளுங்கள். ஆழியாறு அணை தாண்டியதும் மலை ஆரம்பித்துவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு. ஒன்பதாவது வளைவில், இந்த ரோட்டைப் போட்ட லோம் என்ற வெள்ளைக்காரர் பெயரில் ஒரு காட்சி முனை உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடு தெரியும். மேலே போகப் போக தேயிலை, பனி, அப்புறம்... ஜீப்!

எஸ்டேட் மண் ரோட்டில் ஏறி இறங்க அதைவிட்டால் வேறு கதியில்லாத காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்புகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. பிறகு பம்பாயில் மஹிந்திராவே வில்லிஸ் லைசென்ஸில் தயாரிக்க ஆரம்பித்தது. அப்படித் தயாரான 1962 மாடல் ஜீப் ஒன்றின் முன்னால்தான் சென்ற வாரம் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். வண்டிக்குச் சொந்தக்காரர் 22 வயசுத் தம்பி. அதாவது, சொந்தக்காரர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதை கடைசியில்.

தாத்தா எஸ்டேட் டிரைவர். எஸ்டேட்காரர்கள் ஜீப்பை ஏலம் விட்டபோது அவரே எடுத்துவிட்டார். பெட்ரோல் குடித்த குடியைப் பார்த்துவிட்டு, 1986-ல் கோயமுத்தூர் பட்டறை ஒன்றில் செகண்ட்ஹேண்ட் டீசல் இன்ஜினைப் பொருத்தினார். பின்னால் நீளமாக இரண்டு பெஞ்ச் சீட், மேலே தகரக் கூரை. இப்போது பேரன் கைக்கு வந்திருக்கிறது. தம்பி கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்ணா, இதுக்கு கம்மி காசுல நல்ல இன்ஷூரன்ஸ் கிடைக்குமுங்களா? லண்டன்ல படிக்கிற ஃப்ரெண்டு சொல்றான், அங்கெல்லாம் என் வயசுக்கு, அதுவும் இந்த மாதிரி மாத்திக் கட்டுன பழைய வண்டிக்கு, வண்டி விலையைவிட பிரீமியம் ஜாஸ்தியாம். இங்கயும் அப்படித்தானுங்களா?"

நண்பர் சொன்னது ரொம்ப மிகையில்லை. பிரிட்டனில் வண்டியைவிட முக்கியமாக ஓட்டுகிறவரைத்தான் துருவிப் பார்ப்பார்கள். வயசு என்ன, லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம், எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள், வீல் மாற்றினீர்களா, சைலன்சர் மாற்றினீர்களா... ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விலை. ஆணா பெண்ணா என்பதற்கும் விலை இருந்தது. இளம் பெண்கள் நிதானமாக ஓட்டுவார்கள் என்று அவர்களுக்குச் சலுகை. 2011-ல் ஐரோப்பிய நீதிமன்றம் 'அது பாரபட்சம்' என்று சொல்லி, 2012 டிசம்பர் 21 முதல் நிறுத்திவைத்தது.

இந்தியாவில் கதையே வேறு. ஏன் வேறு என்று தெரிய, நூறு வருஷம் பின்னால் போகணும். தூரமாகப் போக வேண்டாம். மலை அடிவாரத்துக்கே போனால் போதும்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ் ஓட்ட ஆரம்பித்தார் ஜி.டி.நாயுடு. பிறகு யு.எம்.எஸ். என்று பெரிய கம்பெனியானது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த 1920-ல் ஏதோ ஒரு மோட்டார் வண்டி ஒரு விவசாயக் கூலியை இடித்துப் போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் குடும்பத்துக்கு என்ன வழி? 1855-ல் போட்ட 'உயிரிழப்பு விபத்துச் சட்டம்' ஒன்று இருந்தது. அதன்படி சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறோமோ அதற்கேற்ப கோர்ட் ஸ்டாம்ப் கட்டணும். வக்கீல் வைக்கணும். டிரைவரின் தப்பை நிரூபிக்கணும். எல்லாம் முடிந்து தீர்ப்பு வாங்கினால், வண்டி ஓனர் கையை விரித்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி வைத்திருந்தவரிடம் எதை ஜப்தி செய்வது?

இது நம் ஊர் பிரச்னை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-லேயே வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்கணும் என்றது. பிரிட்டன் 1930-ல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. 1903 முதல் இருந்த மணிக்கு 20 மைல் வேகக் கட்டுப்பாட்டை கார்களுக்கு எடுத்துவிட்டார்கள். அதே கையோடு தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கினார்கள். 'எவ்வளவு வேகமாக வேணா போ, ஆனா இடிச்சா காசுக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போ!'

இங்கே 1936-37-ல் ஒரு கமிட்டி உட்கார்ந்து இதை ஆராய்ந்தது. 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் எட்டாவது அத்தியாயம் முழுக்க இன்ஷூரன்ஸ். ஆனால் அந்த அத்தியாயம் மட்டும் உடனே அமலுக்கு வரவில்லை. நடுவில் உலகப் போர். 1946 ஜூலை 1-ம் தேதிதான் அதற்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து பொது ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் தர்ட் பார்ட்டி பாலிசி இல்லாமல் இருக்கக்கூடாது.

தர்ட் பார்ட்டி என்றால் யார்? ஒப்பந்தத்தில் நீங்கள் முதல் ஆள். கம்பெனி இரண்டாவது ஆள். கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆள் ரோட்டில் நடந்து போகிறார். உங்களுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு உங்களைத் தெரியாது. கேள்விப்படாத ஒருவருக்காக நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்! பி.காம். படித்தபோது மெர்கன்டைல் லா வகுப்பில், ஒப்பந்தத்தில் இல்லாதவன் அதன் பேரில் வழக்குப் போட முடியாது என்று மனப்பாடம் செய்த ஞாபகம். இந்த எட்டாவது அத்தியாயம் அந்தப் பாடத்தையே புரட்டிப் போட்டுவிட்டது.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? 'பாலிசியில் அந்த நிபந்தனையை மீறினார், இந்த நிபந்தனையை மீறினார், எனவே தரமாட்டோம்' என்று பார்த்தன. 1959-ல் கேப்டன் இத்பார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: சட்டத்தில் பட்டியலிட்ட காரணங்களைத்தான் கம்பெனி சொல்லலாம், புதிதாகக் கண்டுபிடிக்கக்கூடாது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1956 திருத்தத்தில், சிவில் கோர்ட்டுக்குப் பதிலாக மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்திருந்தார்கள். அடிபட்டவர் வழி கொஞ்சம் சுலபமானது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 'என் வயசுக்கு ஜாஸ்தி கேட்பாங்களா?'

அந்தக் காலத்தில் நிறைய கம்பெனிகள். சென்னையில் டி.வி.எஸ். குழுமத்தின் மெட்ராஸ் மோட்டார் அண்ட் ஜெனரல் இன்ஷூரன்ஸ்கூட ஒன்று. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகளை அரசாங்கம் நான்காக மடக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அதில் ஒன்று. விலையை நிர்ணயிக்க 'டாரிஃப்' என்று ஒரு கட்டண அட்டவணை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே ரேட்! பக்கத்துக் கடையில் பேரம் பேசும் வழக்கமே கிடையாது.

2002 ஜூலையில் வந்த இந்தியன் மோட்டார் டாரிஃபைப் புரட்டிப் பாருங்கள். சொந்தக் காருக்கு அது பார்ப்பது நாலே விஷயம். இன்ஜின் எத்தனை சி.சி., வண்டிக்கு எத்தனை வயசு, எந்த ஊரில் பதிவு, மதிப்பு எவ்வளவு. ஊர் என்றால் இரண்டே மண்டலம். சென்னை, மும்பை, டெல்லி மாதிரி எட்டு பெருநகரங்கள் 'ஏ'. மிச்ச இந்தியா முழுக்க 'பி'. கோயமுத்தூரும் வால்பாறையும் 'பி'தான், கொஞ்சம் மலிவு. ஓட்டுகிறவர் வயசுக்கு அந்த ரேட் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. லைசென்ஸ் இருக்கா? முடிந்தது. 22 வயசுப் பேரனுக்கும் 62 வயசுத் தாத்தாவுக்கும் ஒரே பில்.

இதற்குக் காரணம் தாராள மனசு இல்லை. சட்டம் கவலைப்பட்டது வண்டிக்கு வெளியே இருக்கிற ஆளைப் பற்றி. அவருக்குக் காசு போய்ச் சேர வேண்டுமானால் எல்லா வண்டிக்கும் பாலிசி இருக்கணும். வாங்க முடியாத விலை வைத்தால் எவனும் வாங்காமல் ஓட்டுவான். அப்புறம் கட்டாயம் என்று எழுதி என்ன பிரயோஜனம்? 2007 ஜனவரி 1-ல் வண்டிச் சேதத்துக்கான ரேட்டை கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டபோதும், தர்ட் பார்ட்டி ரேட்டை மட்டும் கையை விட்டுப் போகவிடவில்லை. இன்றும் அரசாங்கம்தான் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1-ல் வந்த அட்டவணைப்படி 1,000 சி.சி.க்குள் 2,094 ரூபாய். 1,500 வரை 3,416. அதற்கு மேலே போனால் 7,897. ஜீப் இன்ஜின் இந்தக் கடைசி வகை. 7,897 கட்டினால், எதிராளியின் உயிருக்கும் காயத்துக்கும் கோர்ட் எவ்வளவு போட்டாலும் கம்பெனி பொறுப்பு. உச்சவரம்பு கிடையாது.

"அட, அவ்வளவுதானுங்களா? லண்டன்காரனுக்கு போன் போட்டுச் சொல்லிடறேன்" என்றார் தம்பி. பொறுங்கள் என்றேன். 'மாத்திக் கட்டுன' என்று ஒரு வார்த்தை சொன்னீர்களே, அது பாக்கி இருக்கிறது.

வண்டியை மாற்றிக் கட்டுவது கொங்கு நாட்டின் ரத்தத்தில் ஊறியது. லேத் இருக்கிற ஊரில் எது சும்மா இருக்கும்? மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை சீட் பந்தயக் காரையே கட்டிக் காட்டியவர் கோவை கரிவரதன். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ் பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரியை எரித்து அந்த கேஸில் ஓட்டினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், கரி பஸ் ஏற்றத்தில் திணறிய கதையைச் சொல்வார்கள்.

1939 சட்டத்தில் வண்டியை மாற்றினால், பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி. புக்கில் ஏற்றிக்கொள்ளணும். நம் தாத்தா 1986-ல் டீசல் இன்ஜின் போட்டபோது அதைத்தான் செய்தார். நீல மையில் புது இன்ஜின் நம்பர், 'டீசல்' என்ற வார்த்தை, கையெழுத்து, சீல். எல்லாம் ஆர்.சி.யில் இருக்கிறது. 1989 ஜூலை 1-ல் புதுச் சட்டம் அமலானது. அதன் 52-வது பிரிவில் முன் அனுமதி கேட்டார்கள். 2000-ல் அதையும் இறுக்கி, கம்பெனி தயாரித்தபோது இருந்த விவரத்துக்கு மாறாக மாற்றவே கூடாது என்று திருத்தினார்கள். கேஸ் கிட் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. 'பாடி மாத்தினா தப்பா?' என்று கேரளாவில் வழக்காகி சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில், 'தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களுக்கு முரணாக மாற்ற முடியாது' என்று முடித்துவிட்டார்கள். அதே வருஷத் திருத்தத்தில், விதிமீறி மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று எழுதியாகிவிட்டது.

ஆக, தாத்தா செய்ததை இன்று பேரன் செய்ய முடியாது. தாத்தாவின் அந்த நீல மை வரி இல்லையென்றால் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசுவதே வீண்.

மாற்றம் என்றாலே இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு ஆகாது என்றும் நினைக்காதீர்கள். அந்த 2002 டாரிஃபிலேயே ஒரு வகை மாற்றத்துக்கு வண்டிச் சேத பிரீமியத்தில் பாதி தள்ளுபடி கொடுத்திருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காக மாற்றி அமைத்த வண்டி! கேஸ் கிட் போட்டால் கிட்டின் விலைக்கு 4 சதவிகிதம் கூடுதல். அதாவது, சொன்னால் விலை உண்டு. சொல்லாவிட்டால்தான் வம்பு.

"சரிங்ணா, இது கிளாசிக் வண்டியாச்சே. பழைய வண்டிக்கு சலுகை இருக்குதுன்னு கேள்விப்பட்டேனே?"

இருக்கிறது. இதுதான் எனக்கு ரொம்ப வேடிக்கையான இடம். 2002 டாரிஃபில் 1940 டிசம்பர் 31-க்கு முன்னால் தயாரான கார்தான் 'வின்டேஜ்'. அதற்குரிய கிளப் சான்றிதழ் கொடுத்தால் வண்டிச் சேத பிரீமியத்தில் 25 சதவிகிதம் தள்ளுபடி. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஃபியட், நம் ஜீப் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். வெறும் 'பழைய வண்டி'. பத்து வயசு தாண்டினால் ரேட் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நம் மண்டலத்தில், 1,500 சி.சி.க்கு மேல், பத்து வயசு தாண்டிய வண்டிக்கு 3.594 சதவிகிதம். ஒன்றரை லட்சம் மதிப்பு வைத்தால் 5,391 ரூபாய்.

2021 ஜூலையில் மத்திய அரசு புது விதி கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருந்தால் வின்டேஜ் என்று பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 2022 அட்டவணையில் அதற்கு தர்ட் பார்ட்டி பிரீமியம் பாதி. 7,897-க்குப் பதில் 3,950-க்குள் முடிந்துவிடும். 1962 ஜீப்புக்கு வயசு தாராளமாக இருக்கிறது. பிரமாதம் இல்லையா?

இல்லை. விதியில் இரண்டு முள். முதலாவது, சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக்கூடாது. தாத்தாவின் டீசல் இன்ஜின் அங்கேயே அடிபட்டுவிட்டது. இரண்டாவது, வின்டேஜ் வண்டியை அன்றாட வேலைக்கு ரோட்டில் எடுக்கக்கூடாது. கண்காட்சி, பேரணி, ரிப்பேர், எரிபொருள் நிரப்ப... இப்படிச் சில காரணங்களுக்குத்தான். மலையில் அரிசி மூட்டையும் ஆஸ்பத்திரி கேஸும் ஏற்றிப் பிழைத்த ஜீப், பிழைப்பதற்காக மாறிய ஜீப், அந்தப் பட்டியலில் வராது. மாறாமல், ஓடாமல், பளபளவென்று நிற்கிற வண்டிக்குத்தான் பாதி விலை. கோவை அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய்ப் பாருங்கள், அந்த மாதிரி வண்டிகள் கண்ணைப் பறிக்கும். நான் அந்த விதியைக் குறை சொல்லவில்லை. பழசைப் பழசாகவே காப்பாற்ற அப்படி ஒரு விதி வேணும். ஆனால் உழைத்த வண்டிக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் தம்பிக்கு முழு பாலிசி வேண்டுமா, தர்ட் பார்ட்டி மட்டும் போதுமா? கணக்குப் போட்டோம். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கும், கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கும் மதிப்பு இவ்வளவு என்று டாரிஃப் சொல்லாது. நீங்களும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்கிற தொகைதான். அதிகமாக வைத்தால் பிரீமியம் ஏறும், குறைவாக வைத்தால் கிளெய்ம் சுருங்கும். தவிர, பத்து வயசு தாண்டிய வண்டிக்கு இரும்பு பாகம் மாற்றினால் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். 4,000 ரூபாய் மட்கார்டுக்கு 2,000-தான் வரும். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ரிப்பேர் செலவு மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் வண்டியையே முழு நஷ்டமாக எழுதி முடித்துவிடுவார்கள். சல்லிசான மதிப்பு வைத்த பழைய ஜீப் ஒரு பெரிய இடியிலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும்.

ஆனாலும் வால்பாறை மாதிரி ஊரில் முழு பாலிசிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதில் சேர்ந்த ஆபத்துகளின் பட்டியலில் நிலச்சரிவு, பாறைச்சரிவு என்று தனியாகவே எழுதியிருக்கும். மழைக்காலத்தில் இந்த ரோட்டில் வந்தவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் அருமை தெரியும். யானை என்று எழுதியிருக்காது. 'வெளியிலிருந்து நேர்ந்த விபத்து' என்கிற வரிக்குள் யானையை நுழைக்கணும்! வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் விஷயமும் உண்டு. சட்டம் கேட்கிற வெறும் தர்ட் பார்ட்டி பாலிசியில், சொந்தக் காரில் ஓசியில் வருகிறவர் சேரமாட்டார் என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அம்மாவை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

'அவசரத்துக்கு நாலு பேரை ஏத்தி ஆளுக்கு இருபது ரூபா வாங்குவோம்' என்றார் தம்பி சாதாரணமாக. மலையூர்களில் எங்கும் பார்க்கிற காட்சிதான். ஆனால் சொந்த உபயோக பாலிசி வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்றிய நிமிஷமே பாலிசியின் முதுகெலும்பு முறிந்துவிடுகிறது. அடிபட்டவருக்கு என்ன ஆகும்? 2004-ல் சுவரண் சிங் வழக்கில், லைசென்ஸ் கோளாறு பற்றிப் பேசும்போது சுப்ரீம் கோர்ட் காட்டிய வழி பிரபலம். கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஓனர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். பத்து லட்சம், இருபது லட்சம் என்று தீர்ப்பு வந்து, கம்பெனி கட்டிவிட்டு, உங்கள் வீட்டைத் தேடி வரும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிற வீடு போகும்.

இதெல்லாம் டெல்லி விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவை கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். சாலை விபத்தில் சிதைந்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர். அந்த வழக்கில் கோர்ட் அமைத்த கமிட்டி சொன்ன கணக்கு: ஓடுகிற 18 கோடி வண்டிகளில் 6 கோடிக்குத்தான் தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருக்கிறது. 1946-ல் கட்டாயமாக்கி எத்தனை வருஷம் ஆகிறது பாருங்கள்! அதன் விளைவுதான் 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், புது பைக்குக்கு ஐந்து வருஷம் தர்ட் பார்ட்டி பாலிசியைச் சேர்த்தே எடுக்கணும் என்று வந்த உத்தரவு. புது வண்டிக்கு அப்படிப் பூட்டுப் போட்டாயிற்று. தாத்தா காலத்து ஜீப்பை வருஷா வருஷம் நாமேதான் ஞாபகம் வைத்துப் புதுப்பிக்கணும்.

"நாங்க விட்டதே இல்லீங்ணா. வருஷா வருஷம் கட்டிட்டுத்தான் இருக்கறோம்" என்று உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வந்தார். பத்து வருஷ பாலிசிகள், ரப்பர் பேண்ட் போட்டு. கூடவே ஆர்.சி. புக்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தம்பி மண்ணெண்ணெய் துணியால் இன்ஜின் பிளாக்கைத் துடைத்து நம்பரைப் படித்தார். நான் ஆர்.சி.யில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி எண் வரை சரி. தாத்தா கெட்டிக்காரர். அடுத்து பாலிசி. எரிபொருள்: பெட்ரோல். போன வருஷ பாலிசியிலும் பெட்ரோல். அதற்கு முந்தின வருஷமும் பெட்ரோல். ஏஜென்ட் யாரோ பழைய பேப்பரைப் பார்த்து, வருஷா வருஷம் அப்படியே டைப் அடித்திருக்கிறார். இன்ஜின் நம்பரும் கழற்றிப்போட்ட பழைய பெட்ரோல் இன்ஜினுடையது.

பெயரைப் பாருங்கள் என்றேன். தாத்தாவின் பெயர்.

"தாத்தா தவறி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சுங்."

பாலிசிதாரர் இறந்தால் அதிகபட்சம் மூன்று மாதம்தான் அந்தப் பாலிசி வாரிசைத் தாங்கும். அதுவும் அதற்குள் பாலிசி காலாவதி ஆகாமல் இருந்தால். அதற்குள் ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்றி, இன்ஷூரன்ஸையும் மாற்றணும். இவர்கள் அதற்குப் பிறகு இரண்டு முறை புதுப்பித்திருக்கிறார்கள், இல்லாத மனிதர் பெயரில். ஒப்பந்தத்தின் முதல் ஆளே இல்லை! மூன்றாவது ஆளுக்கு என்ன பதில் சொல்வது? கம்பெனி வக்கீலுக்கு இதைவிட சுலபமான கேஸ் கிடைக்காது. ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பெயர் இருக்கிற ஓனருக்குத்தான். பேரனுக்கு ஒன்று ஆகியிருந்தால் அதுவும் பூஜ்யம். தாத்தா கிளெய்ம் வாங்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ்? டாரிஃபின்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் போகும். பேரன் அந்தப் பட்டியலில் இல்லை.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் எத்தனை முறை அந்த 40 வளைவை இறங்கியிருப்பார் என்று மனசுக்குள் எண்ணினாரோ என்னவோ.

செய்ய வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அப்பாவும் அத்தையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரணும். பொள்ளாச்சி ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆர்.சி. ரெனியூவல் எப்போது என்றும் பார்த்தோம். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, பிறகும் ஏறியது. அப்புறம் கம்பெனிக்கு நேராகப் போய் டீசல், புது இன்ஜின் நம்பர், பெஞ்ச் சீட், தகரக் கூரை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லணும். அவர்கள் ஆள் அனுப்பி வண்டியைப் பார்க்கட்டும். ஒரு கம்பெனி வண்டிச் சேதத்துக்கு மாட்டேன் என்றால் இன்னொன்று. தர்ட் பார்ட்டிக்கு அலைய விடமாட்டார்கள். 2015-ல் திருத்திய இன்ஷூரன்ஸ் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் குறிப்பிட்ட அளவு தர்ட் பார்ட்டி வியாபாரம் செய்தே ஆகணும்.

"அதுவரைக்கும் வண்டி?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஜீப்பைத் தள்ளி தகர ஷெட்டுக்குள் விட்டார். சாவியை அம்மாவிடம் கொடுத்தார். மறுநாள் காலை, பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் அந்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.